வீட்டில் காளான் வளர்ப்பும் சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் பாக்கெட் காளான் கிடைக்கும்போது வீட்டில் எதற்கு வளர்க்க வேண்டும்?

பறித்தவுடன் சமைப்பதற்காகத்தான். சிப்பிக் காளானின் ஓரம் தாள் போல மெல்லியது. பறித்து ஒரு நாள் ஆனாலே வாடத் தொடங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்து, ஓரம் மஞ்சளாகி, லேசான புளித்த வாடை வந்த பிறகுதான் பலருக்கு அது கைக்குக் கிடைக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு ‘காளான் வாடை பிடிக்கவில்லை’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிடிக்காமல் போனது பழைய காளானின் வாடை. படுக்கையிலிருந்து, அதாவது வைக்கோலும் காளான் வித்தும் அடைத்த பையிலிருந்து, பறித்து ஒரு மணி நேரத்துக்குள் வாணலியில் விழும் காளானில் அந்த வாடையே இருக்காது. கடித்தால் சாறு இருக்கும், நார் போல இழுபடாது.

இந்தப் பக்கத்தில் இருக்கும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு நோக்கத்தோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. விற்பனைக்காகக் குடில் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டுச் சமையலுக்கு 2, 3 படுக்கைகள் போதும்.

எந்தக் காளானில் தொடங்கலாம்?

உங்கள் ஊர் வெப்பநிலைதான் இதை முடிவு செய்யும். கடைகளில் அதிகம் விற்கும் மொட்டுக் காளானுக்குத் தொப்பி வரும் பருவத்தில் 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். வைக்கோல், கோழி எரு, ஜிப்சம் எல்லாம் சேர்த்து வாரக்கணக்கில் மட்கவைத்த உரமும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களை விட்டால் குளிரூட்டிய அறையில்தான் அது விளையும். வீட்டில் முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

ஷீடாகே காளான் மரக்கட்டையிலோ மரத்தூளிலோ வளரும். நுண்ணுயிர் நீக்கத்தில் கொஞ்சம்கூடப் பிசகக் கூடாது, காத்திருக்க வேண்டிய நாட்களும் அதிகம். அனுபவம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் சமவெளிக்குப் பொருந்துபவை இரண்டு. ஆடி தொடங்கி மாசி வரை, அறைக்குள் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும் காலத்தில், சிப்பிக் காளான். அதன்பிறகு வெயில் ஏறும் மாதங்களில், 30 முதல் 35 டிகிரி வரை, பால் காளான். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஆண்டு முழுவதும் வீட்டில் காளான் இருக்கும். சிப்பியிலேயே வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என்று ரகங்கள் உண்டு. இளஞ்சிவப்பு ரகம் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், கொத்து பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் சமைத்தால் அந்த நிறம் போய்விடும், பறித்த பின் வைத்திருக்கவும் முடியாது. வீட்டுத் தேவைக்கு அது ஒரு குறையே இல்லை.

வேறு எந்த ஊரிலோ படமெடுத்த காணொளியைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, காளான் வைக்கப்போகும் மூலையில் மதியத்திலும் இரவிலும் என்ன காட்டுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அதற்கு ஏற்ற ரகத்தை வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் இது புதிய விஷயமா?

இல்லை. 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் நெல் வைக்கோலில் காளான் விளைவித்துக் காட்டிவிட்டார்கள். அது வைக்கோல் காளான் என்ற இனம். பால் காளானின் கதை இன்னும் நெருக்கமானது. மேற்கு வங்கத்தில் இயற்கையாக வளர்ந்ததை 1974இல் அறிவியல் பெயரிட்டு விவரித்தார்கள். அதை வணிகப் பயிராக ஆக்கியதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏபிகே 2 என்ற ரகம் 1998இல் வெளியானது. இன்று கோடையிலும் நம் சந்தைக்குக் காளான் வருகிறது என்றால், அதற்கு அருப்புக்கோட்டைக்கு நன்றி சொல்லலாம்.

எவ்வளவு இடம் வேண்டும்? வெளிச்சம் வேண்டுமா?

2 படுக்கைகளைத் தொங்கவிட ஒரு குளியலறை அளவு இடம் இருந்தால் போதும். பயன்படுத்தாத குளியலறை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மறைவு, நேரடி வெயில் படாத பின்கட்டு எல்லாம் சரிவரும். படுக்கையறையிலும் சமையலறைக்குள்ளும் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

இருட்டு தேவை என்பது பாதி உண்மை. வித்து வைக்கோலில் பரவும் முதல் கட்டத்தில் வெளிச்சம் தேவையில்லை. மொட்டு வரும்போது வெளிச்சம் வேண்டும். செய்தித்தாளைப் படிக்க முடிகிற அளவு மங்கலான வெளிச்சம் சில மணி நேரம் இருந்தால் போதும். நேர் வெயில் மட்டும் எந்தக் கட்டத்திலும் படக் கூடாது.

வித்து எங்கே வாங்குவது? நல்ல வித்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பல மாவட்டங்களில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள். காளான் பயிற்சி நடக்கும் இடங்களில் வித்தும் பெரும்பாலும் கிடைக்கும். தனியார் வித்துக்கூடங்களும் இருக்கின்றன.

வித்து என்பது வேகவைத்த சோளத்தில் காளானின் வெள்ளை இழையைப் படரவிட்டது. பையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சோளம் முழுவதும் பால் வெள்ளையாகப் போர்த்தியிருக்க வேண்டும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் வாங்காதீர்கள். அடியில் நீர் கோத்திருந்தாலும், திறந்தால் புளித்த வாடை வந்தாலும் வேண்டாம். இழை முழுவதும் பரவி ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. பழைய வித்து கெட்டியாகி மஞ்சள் நீர் விடும், அதன் வேகமும் குறைந்துவிடும். கூரியரில் வெயிலோடு பயணித்து வரும் வித்தை நான் நம்புவதில்லை. பையோடு நேரில் வாங்கி, அன்றோ மறுநாளோ போட்டுவிடுங்கள்.

வைக்கோல் எப்படி இருக்க வேண்டும்?

அந்தப் பருவத்தில் அறுத்த, மழையில் நனையாத, பொன்னிற நெல் வைக்கோல். நனைந்து காய்ந்த வைக்கோலில் வேறு பூஞ்சைகள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். இயந்திரம் அறுத்த வைக்கோலும் ஆகும், தூசியை மட்டும் நன்றாகத் தட்டிவிடுங்கள். நெல் மணிகள் ஒட்டியிருந்தால் உதறி எடுத்துவிடுங்கள். மணியில் இருக்கும் மாவில்தான் மற்ற பூஞ்சை முதலில் பிடிக்கும்.

நகரத்தில் வைக்கோல் தேடுகிறவர்கள் பால் கறக்கும் வீடுகளில் கேட்டால் கிடைக்கும். கரும்புச் சக்கை, மக்காச்சோளத் தட்டை, பருத்திக் கழிவு ஆகியவற்றிலும் சிப்பிக் காளான் வளரும். ஆனால் முதல் முறைக்கு வைக்கோலே பாதுகாப்பு.

வைக்கோலை வேகவைப்பது கட்டாயமா?

கட்டாயம். வைக்கோலில் எப்போதும் மற்ற பூஞ்சைகளின் விதைத்துகள் இருக்கும். அவற்றை அடக்கி, நம் வித்து முந்திக்கொள்ள வழி செய்வதுதான் இந்த வேலை.

3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, நல்ல தண்ணீரில் 4 முதல் 6 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க, வைக்கோல் முழுதும் முங்கியபடி 1 மணி நேரம் வேகட்டும். மிதக்காமல் இருக்க மேலே ஒரு தட்டையும் கனமான கல்லையும் வைக்கலாம். வடித்து, கிருமிநாசினி தொட்டுத் துடைத்த பிளாஸ்டிக் விரிப்பில் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். மின்விசிறியைப் போட்டு ஆற்ற வேண்டாம், அறையின் தூசியெல்லாம் அதில் இறங்கிவிடும்.

கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் ஃபார்மலின் என்ற கிருமிநாசினியும் கலந்த நீரில் ஊறவைக்கும் முறையும் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் படுக்கை போடுகிறவர்கள் விறகும் நேரமும் மிச்சம் என்று அதைச் செய்கிறார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில், 2 படுக்கைக்காக ஃபார்மலின் வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் அண்டா வெந்நீரில் முடிகிற வேலை இது.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து அழுத்திப் பிழியுங்கள். சொட்டு விழக் கூடாது, உள்ளங்கையில் மட்டும் ஈரம் தெரிய வேண்டும். ஏறத்தாழ 65 விழுக்காடு ஈரம் அது. வீட்டில் கெட்டுப்போகும் படுக்கைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெடுகின்றன. அவசரப்பட்டு நீர் சொட்டும் வைக்கோலைக் கட்டினால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி அழுகும். இன்னும் ஒரு மணி நேரம் ஆறவிடுவதில் நஷ்டமில்லை.

படுக்கை போடும் முறையைச் சொல்லுங்கள்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள, இருபுறமும் திறந்த பாலித்தீன் பை வேண்டும். ஒரு முனையைச் சணல் கயிற்றால் கட்டி, பையை உள்வெளியாகத் திருப்புங்கள். கட்டு உள்ளே போய், அடி வட்டமாகத் தட்டையாக அமையும்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவி, டெட்டால் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். வித்துப் பையைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் கொட்டி உதிர்த்து இரண்டு பங்காக்குங்கள். 250 முதல் 300 கிராம் வித்துப் பை ஒன்று 2 படுக்கைக்குச் சரியாக இருக்கும்.

பைக்குள் இரண்டு அங்குல உயரத்துக்கு வைக்கோலைப் போட்டுக் கையால் அழுத்துங்கள். அதன் மேல் ஒரு பிடி வித்தைத் தூவுங்கள். ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் விழ வேண்டும், ஏனென்றால் காளான் வெளியே வரப்போவது ஓரத்தில்தான். திரும்ப வைக்கோல், திரும்ப வித்து. இப்படி 5 அடுக்கு. ஒவ்வோர் அடுக்கையும் நன்றாக அழுத்துவது முக்கியம். தளர்வாக விட்டால் இடைவெளியில் இழை பாலம் கட்டவே நாள் போகும், பைக்கும் வைக்கோலுக்கும் நடுவில் வீணாக மொட்டு விடும். மேலே வைக்கோலால் மூடி, வாயை இறுக்கிக் கட்டுங்கள். பக்கவாட்டில் எதிரெதிராகப் பென்சில் பருமனில் 2 அல்லது 4 துளை போட்டு, சுத்தமான பஞ்சால் லேசாக அடையுங்கள். காற்று போகும், ஈ நுழையாது.

வெளியே தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு ஞாபகம் இருக்காது.

அப்புறம் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

15 முதல் 20 நாள். முதல் 3 நாளில் ஒவ்வொரு வித்து மணியைச் சுற்றியும் வெள்ளைப் பஞ்சு தெரியும். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து, படுக்கை முழுவதும் வெள்ளை உருளையாக இறுகும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை, பையைத் திறந்து பார்க்கவும் கூடாது.

முழுதும் வெளுத்த பிறகு, பையில் அங்கங்கே சிறு கீறல் போடலாம், அல்லது பையை முழுவதும் உரித்துவிடலாம். ஈரப்பதம் குறைவான வீடுகளில் கீறல் முறையே நல்லது, படுக்கை காயாது. 3, 4 நாளில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் கொத்தாகத் தெரியும். அடுத்த 3 நாளில் அது முழுக் காளான். இந்த 3 நாளும் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு என்று கண்ணெதிரே வளரும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இந்த நாட்களைத் தவறவிடாமல் காட்டுங்கள்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு தெளிப்பது?

காளானுக்குத் தேவை ஈரக்காற்று, 80 விழுக்காட்டுக்கு மேல். அதனால் தண்ணீரைப் படுக்கையின் மீது ஊற்றாமல் சுற்றியுள்ள இடத்தை நனைத்து வையுங்கள். தரையில் மணலைப் பரப்பி நனைக்கலாம், சுவரோரம் சணல் சாக்கை ஈரமாகத் தொங்கவிடலாம். பையைத் திறந்த பிறகு கைத்தெளிப்பானால் காலையும் மாலையும் பனித்துளி போல மெலிதாகத் தெளியுங்கள். மொட்டின் மேல் நீர் தேங்கினால் அது மஞ்சளாகி அழுகிவிடும். பறிக்கப்போகும் நாளில் தெளிக்காதீர்கள். நீர் குடித்த காளான் வாணலியில் வதங்காமல் வேகும்.

தண்டு நீளமாகவும் தொப்பி சின்னதாகவும் வருகிறது. ஏன்?

காற்றோட்டம் போதவில்லை. காளானும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. மூடிய அறையில் அந்த வாயு சேர்ந்தால், காளான் காற்றைத் தேடித் தண்டை நீட்டும். தினமும் இரண்டு வேளை கதவைத் திறந்து வையுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்தே விடுவது இன்னும் நல்லது. வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தாலும் இதே போல் வரும்.

மாறாக ஓரம் வெடித்து, தோல் காய்ந்து பழுப்பானால் காற்று அதிகம், ஈரம் குறைவு என்று பொருள்.

படுக்கையில் பச்சை நிறம் வந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

அது பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை. பயிர்களுக்கு நண்பன், காளானுக்கு எதிரி. வெள்ளை இழையையே தின்று பரவும். படுக்கை முழுதும் வெளுத்த பிறகு ஒரு ரூபாய் அளவு ஓரிடத்தில் மட்டும் வந்திருந்தால், அந்தப் படுக்கையைத் தனியே பிரித்து வைத்துப் பார்க்கலாம். முதல் வாரத்திலேயே பச்சை படர்ந்தால் தயங்காமல் வெளியேற்றுங்கள். வீட்டுக்குள் பையைப் பிரிக்காமல், தள்ளிக் கொண்டுபோய் மண்ணில் புதையுங்கள்.

மெல்லிய தண்டும் மணி போன்ற தொப்பியுமாக முளைத்து, ஒரே நாளில் கறுத்து மையாக உருகும் காளான் சிலசமயம் படுக்கையில் வரும். அது நாம் போட்டது இல்லை. வைக்கோல் சரியாக வேகாதபோதும் ஈரம் அதிகமாகும்போதும் வருவது. பிடுங்கி எறிந்துவிடுங்கள், சாப்பிட வேண்டாம்.

சின்னக் கறுப்பு ஈக்கள் மொய்த்தால், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிடுங்கள். பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. காளான் தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் உறிஞ்சும், நாளைக்கு அதை நாம்தான் சாப்பிடப்போகிறோம்.

எப்போது பறிக்க வேண்டும்?

தொப்பியின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே. ஓரம் தட்டையாகி மேலே திரும்பத் தொடங்கினால் தாமதமாகிவிட்டது. கத்தி வேண்டாம், கொத்தின் அடியைப் பிடித்து மெல்லத் திருகினால் கையோடு வரும். வெட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் அடித்தண்டு அழுகி ஈயை வரவழைக்கும். கொத்தில் சிறியவை இருந்தாலும் சேர்த்துப் பறித்துவிடுங்கள், விட்டுவைத்தாலும் அவை பெரிதாகாது.

சமையலை அடுப்பில் ஏற்றும் நேரத்துக்குப் பறிப்பது உத்தமம். நமக்கு இருக்கும் வசதியே இதுதான்.

தாமதமாகப் பறித்தால் என்ன கெட்டுவிடும்?

முற்றிய சிப்பிக் காளான் வெள்ளைப் பொடி போலக் கோடிக்கணக்கில் விதைத்துகள்களைக் காற்றில் விடும். அது படியும் இடமெல்லாம் மாவு தூவியது போல இருக்கும். நாள்தோறும் சுவாசித்தால் சிலருக்கு இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் வரலாம். பெரிய குடில்களில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் நுரையீரல் ஒவ்வாமையும் இதனால்தான். படுக்கையறையில் வளர்க்க வேண்டாம் என்று மேலே சொன்ன காரணம் இது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் மட்டும் வையுங்கள். பறிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். சுவையும் முற்றியதில் குறைவு, தண்டு ரப்பராகிவிடும்.

ஒரு படுக்கையில் எவ்வளவு கிடைக்கும்?

அரைக் கிலோ உலர் வைக்கோல் போட்ட படுக்கையில், 3 அறுவடையும் சேர்த்து 500 முதல் 750 கிராம். முதல் அறுவடை பெரியது. பிறகு மேலாகச் சுரண்டி, நீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் இரண்டாவது, அதன்பின் மூன்றாவது. போட்ட நாளிலிருந்து 35 முதல் 45 நாளில் எல்லாம் முடிந்துவிடும். வாரம் ஒரு படுக்கை என்று இடைவெளி விட்டுப் போட்டால், ஒரே நாளில் குவியாமல் வாராவாரம் குழம்புக்குக் கிடைக்கும்.

பால் காளானுக்கு என்ன வித்தியாசம்?

வெள்ளை படரும் வரை எல்லாம் ஒன்றுதான். அதன்பிறகு ஒரு வேலை கூடுதல். உருளையை நடுவில் குறுக்கே வெட்டி இரண்டு பாதியாக்கி, வெட்டிய முகத்தின் மேல் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மண் போட வேண்டும். மேல்மண் பூச்சு என்பார்கள். தோட்டமண்ணில் 100க்கு 2 பங்கு சுண்ணாம்புத்தூள், அதாவது கால்சியம் கார்பனேட், கலந்து ஆவியில் ஒரு மணி நேரம் வேகவைத்து ஆறவிட்டது அது. மண் காயாமல் தெளித்து வந்தால் 10 நாள் வாக்கில் மொட்டு வரும், அதிலிருந்து ஒரு வாரத்தில் பறிக்கலாம்.

சிப்பியை விட வெளிச்சமும் வெப்பமும் அதிகம் கேட்கும். பங்குனி, சித்திரையில் மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள வெக்கையான அறையிலும் வரும். சதைப்பற்றானது, வெள்ளை வெளேரென்று இருக்கும், குளிர்ப்பெட்டியில் வைக்காமலே ஓரிரு நாள் தாங்கும். கெட்டியாக இருப்பதால் குருமாவுக்கும் தந்தூரிக்கும் சிப்பியை விட இதுவே பொருத்தம்.

காளானைக் கழுவலாமா? எப்படி வைத்திருப்பது?

வீட்டில் வளர்ந்தது சுத்தமாகத்தான் இருக்கும். அடியில் ஒட்டிய வைக்கோலை அரிந்து எறிந்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மனம் ஒப்பவில்லை என்றால் ஓடும் நீரில் சட்டென அலசி உடனே துணியில் ஒற்றி எடுங்கள். ஊறவைக்காதீர்கள். மஞ்சள்தூள் வெந்நீரில் போட்டு எடுக்கும் பழக்கம் கடைக் காளானுக்காக வந்தது. வீட்டுக் காளானின் மணம் அதில் பாதி போய்விடும்.

மீந்தால் காகிதப் பையிலோ பருத்தித் துணியிலோ சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 3 நாள் வரை நன்றாக இருக்கும். மூடிய பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம்.

வறுவல் செய்தால் தண்ணீர் விட்டு வதங்கிவிடுகிறதே?

காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை முதலில் வெளியேற்றிவிட்டு, பிறகு எண்ணெயும் மசாலாவும் சேர்க்க வேண்டும். பலர் எண்ணெயில் வெங்காயம் தக்காளியை வதக்கி, அதில் காளானைப் போட்டு, உப்பும் போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்றுமே தண்ணீரை வாணலிக்குள்ளேயே நிறுத்திவிடும்.

மிளகு வறுவலுக்கு நான் சொல்லும் முறை இது. 250 கிராம் சிப்பிக் காளானைக் கையால் நீளவாக்கில் கிழியுங்கள். நாரோடு கிழிந்தால் கோழிக்கறி போல அமையும். இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் ஊற்றாமல் காளானைப் பரப்புங்கள். தீ அதிகமாகவே இருக்கட்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் குவிக்காமல் இரண்டு முறையாகப் போடலாம். சளசளவென்று நீர் வரும், 5 அல்லது 6 நிமிடத்தில் அது வற்றி, ஓரம் பொன்னிறமாகும். எடுத்து வைத்துவிடுங்கள்.

அதே வாணலியில் 2 தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, சோம்பு, கறிவேப்பிலை, இடித்த பூண்டு 6 பல், நறுக்கிய சின்ன வெங்காயம் 10 போட்டுச் சிவக்க வதக்குங்கள். மஞ்சள்தூள், உப்பு, காளான். கடைசியாக, ஒரு தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சீரகமும் அப்போதே கொரகொரப்பாக இடித்ததைத் தூவி, இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள். தக்காளி சேர்க்காதீர்கள், கரம் மசாலாவும் வேண்டாம். புதுக் காளானுக்கு மிளகும் பூண்டும் போதும். ரசம் சாதத்துக்கு இதை விட நல்ல துணை எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். கூடுதலாக வெந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை. காளானின் செல்சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது, சூட்டில் அது கரைவதில்லை. கத்தரிக்காய் குழைகிற நேரத்தில் காளான் அப்படியே நிற்கும். அதனால் தைரியமாக நிறம் வரும் வரை வறுக்கலாம்.

வேறு என்னென்ன செய்யலாம்?

புளிக்குழம்பில் சிப்பிக் காளான் அருமை. நல்லெண்ணெயில் தனியாக வறுத்து, குழம்பு கொதித்து எண்ணெய் பிரியும்போது சேர்த்து 5 நிமிடம் விட்டால் போதும். பிரியாணிக்கு மசாலாவில் தயிர் சேர்க்கும் முன்பே காளானின் நீரை வற்றவைத்துவிடுங்கள், அரிசிக்கு ஊற்றும் தண்ணீரில் அரை ஆழாக்கு குறைத்துக்கொள்ளுங்கள். கனமான அடித்தண்டுகளைத் தூக்கி எறியாமல் மிளகு, சின்ன வெங்காயம், மல்லித்தண்டோடு கொதிக்கவைத்து வடிகட்டினால் மழை மாலைக்கு நல்ல சூப்.

கோவைப் பக்கத்து ரோட்டுக்கடைக் காளானைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அதில் கோஸ்தான் பெரும்பங்கு. கோஸையும் கொஞ்சம் காளானையும் மைதா, சோளமாவோடு பிசைந்து பொரித்து, உதிர்த்து, கல்லில் காரமான மசாலாக் குழம்பில் கொதிக்கவிட்டு, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவுவார்கள். வீட்டில் செய்யும்போது விகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காளான் முக்கால் பங்கு, கோஸ் கால் பங்கு.

பச்சையாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். பச்சைக் காளான் எளிதில் செரிக்காது, நன்றாக வெந்தால்தான் வயிற்றுக்கு இதம். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சத்து என்று பார்த்தால்?

100 கிராம் புதுக் காளானில் புரதம் ஏறத்தாழ 3 கிராம்தான். ‘இறைச்சிக்கு இணை’ என்று விற்கிறவர்கள் உலர்ந்த எடையை வைத்துச் சொல்கிறார்கள். கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் பொட்டாசியமும் உண்டு. வைட்டமின் டி-யை வீட்டிலேயே கூட்டிக்கொள்ள முடியும். பறித்த காளானை, செதில் போன்ற அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, உச்சிவெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். அதில் இருக்கும் எர்கோஸ்டிரால் என்ற பொருள் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆக மாறும். அப்படியே எடுத்துச் சமைக்கலாம்.

உலர்த்தி வைக்க முடியுமா?

சிப்பிக் காளான் இதற்கென்றே பிறந்தது. கிழித்து, வலைத்துணி மூடி நல்ல வெயிலில் 2 நாள் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு எடைக்கு வரும். ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியில் சில மாதங்கள் இருக்கும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் குழம்பில் போடலாம், ஊறிய நீரையும் குழம்பிலேயே சேருங்கள். பொடித்து வைத்துக்கொண்டால் ரசத்திலும் பருப்புப் பொடியிலும் ஒரு சிட்டிகை சேர்க்கலாம்.

மழைக்குப் பின் தோட்டத்தில் தானாக முளைத்ததைச் சமைக்கலாமா?

கூடாது. இதில் மட்டும் எந்தத் தளர்வும் இல்லை. நம் புல்வெளிகளில் மழைக்குப் பின் குடைபோல வரும் வெள்ளைக் காளான்களில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நச்சுவகை சாதாரணமாகவே உண்டு. உயிரைப் பறிக்கும் வகைகளும் இருக்கின்றன, அவற்றின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்ற சோதனைகள் எதுவும் நம்பத்தக்கவை அல்ல.

கிராமங்களில் இடிமழைக்குப் பிறகு கறையான் புற்றில் வரும் புற்றுக்காளானைத் தலைமுறையாகப் பறித்துச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் சுவைக்கு ஈடு இல்லை என்பதும் உண்மை. கறையானோடு சேர்ந்தே வாழ்வதால் அதை வீட்டில் வளர்க்கவும் வழியில்லை. அது கிடைத்தால், கண்ணால் அடையாளம் தெரிந்த பெரியவர் கையால் பறித்தது என்றால் மட்டும் சாப்பிடுங்கள். படத்தை அனுப்பி இணையத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். யாராவது சாப்பிட்டுவிட்டு வயிறு கலங்கினால், மிச்சக் காளானையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிந்துபோன படுக்கையை என்ன செய்வது?

பையைப் பிரித்து வைக்கோலை உதிர்த்து, தோட்டத்து மூலையில் மண்ணோடு கலந்து 2 மாதம் விடுங்கள். பாதி மட்கிய பொருள் என்பதால் சீக்கிரம் எருவாகும், மண்புழுவுக்கும் பிடித்த தீனி. கத்தரி, தக்காளித் தொட்டிகளுக்கு மூடாக்காக நேரடியாகவும் பரப்பலாம். மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து சிலசமயம் ஒரு கொத்துக் காளான் முளைக்கும். திறந்தவெளியில் வேறு வகையும் கலந்து வரும் என்பதால் அதை மட்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பாலித்தீன் பையைக் கழுவி மறுசுழற்சிக்குக் கொடுங்கள், அடுத்த படுக்கைக்குப் புதுப் பைதான் போட வேண்டும்.